நாரியை இழுக்கும் கதிரை: வாங்குவதா, விடுவதா?

"ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் இருந்தால் போதும், டிஸ்க் தன்ட இடத்துக்குப் போயிடும்" என்கிறது விளம்பரம். மாதக்கணக்கில் நாரி நோவோடு இழுபடுகிறவருக்கு அதைக் கேட்டதும் ஆசை வராமல் இருக்குமா? ஆஸ்பத்திரி மருந்து முடிந்து, தைலம் பூசி, பிளாஸ்டர் ஒட்டி, நோ போய்ப் போய்த் திரும்பி வருகிற கட்டத்தில்தான் பலர் இந்த இழுவைக் கதிரையைப் பற்றி விசாரிக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையும் "காசு அனுப்புறன், வாங்குங்கோ அம்மா" என்று நெருக்குகிறது. அதே காசுக்குத் தலைகீழாகத் தொங்கும் பலகை வாங்கலாம். பிளாஸ்டிக் வளைவு என்றால் அதில் ஒரு சிறு பங்குதான் போகும். பிசியோதெரபிக்கும் போகலாம். வீட்டில் இருக்கும் பாயே போதும் என்போரும் உண்டு.

எங்கள் எண்ணத்தை முதலே சொல்லிவிடுகிறோம். இழுவைக் கதிரை ஏமாற்றுச் சாமான் அல்ல, சிலருக்குச் சற்று நேரம் சுகம் தரும். ஆனால் அந்தச் சுகத்தில் பெரும்பகுதியைச் செலவில்லாமலே எடுக்கலாம். ஆகவே நாரி நோவுக்கு நீங்கள் செய்யும் முதற் செலவு அதுவாக இருக்கக்கூடாது. ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## எந்தக் கதிரையும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்

சலம் கழிக்க முடியாமல் அடைத்தல் அல்லது அறியாமல் போதல், மலவாசலைச் சுற்றியும் தொடையிடுக்கிலும் விறைப்பு, இரண்டு காலும் சோர்தல், ஒரு பாதத்தை மேலே தூக்க முடியாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மாவட்டப் பொது வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும். வாகனம் இல்லாவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கலாம். நரம்புக் கற்றை நசிந்திருந்தால் மணித்தியாலங்கள்தான் கணக்கு.

காய்ச்சலோடு வரும் நாரி நோ, காரணமில்லாமல் மெலிதல், முன்பு புற்றுநோய் வந்தவர், விழுந்தெழும்பிய பின் வந்த நோ, நெடுநாள் ஸ்ரீரொயிட் குளிசை எடுப்பவர், படுத்தாலும் குறையாத இரவு நோ ஆகியவையும் முதலில் டாக்டரிடம் காட்டவேண்டியவை. எங்கள் திருகோணமலைப் பக்கத்து வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்து வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று: விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாகத் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கி, அலை அலையாக வரும் குத்து நாரிப் பிடிப்பாக இல்லாமல் சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். அதை எந்த இழுவையும் தீர்க்காது.

## எதை வைத்து நிறுப்பது

விலையை மட்டும் பார்த்தால் முடிவு பிழைக்கும். ரூபாவில் விலை எழுதினால் அடுத்த மாதமே பழசாகிவிடும் என்பதால் இங்கே எழுதவுமில்லை. கீழே உள்ள கேள்விகளுக்கு உங்கள் வீட்டுப் பதிலை முதலில் கண்டுபிடியுங்கள்.

எந்த அசைவில் நோ கூடுகிறது? இதுதான் தலையாய கேள்வி. குனிந்தால், நெடுநேரம் இருந்தால், தும்மினால் கூடி, எழும்பி நடந்தால் குறைகிற நோ ஒரு வகை. இதைக் குனிவு நோ என்போம். நின்றால், நடந்தால் கால்கள் கனத்து உளைந்து, இருந்தாலோ சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்து முன்னே சாய்ந்தாலோ குறைகிற நோ இன்னொரு வகை. வயது போனவர்களில் கூடுதலாக வரும் இதை நடை நோ என்போம். ஒன்றுக்குச் சுகம் தருவது மற்றதைக் கிளப்பிவிடும்.

நோ காலுக்கு இறங்குகிறதா? பிட்டத்தால் இறங்கிக் கெண்டைக்கால், பாதம் வரை போவது நரம்பு நோ. எந்தச் சாதனத்தையும் சோதிக்கும்போது அந்த நோ எங்கே நகர்கிறது என்பதுதான் உங்கள் அளவுகோல். பாதத்திலிருந்த நோ முழங்காலுக்கும் பிட்டத்துக்கும் மேலேறினால், நாரியில் சற்றுக் கூடினாலும், நல்ல திசை. நாரியில் குறைந்து காலில் கீழே கீழே இறங்கினால் கெட்ட திசை, உடனே நிறுத்தவேண்டும்.

தனியாக ஏறி இறங்க முடியுமா? நோ கடுமையாக இருக்கிற நாளில், வீட்டில் ஆளில்லாத நேரத்தில்.

வீடு, உப்புக்காற்று, கரண்ட். டைக் வீதி, உப்புவெளி, நிலாவெளி போலக் கடலைப் பார்த்த வீடுகளில் இது சின்ன விஷயமே அல்ல.

வாங்கிய பிறகு என்ன செலவு? உதிரிப்பாகம், திருத்துபவர், ஏற்றுகூலி, வைக்க இடம்.

## இழுவை பற்றி ஆராய்ச்சி சொல்வது

சாதனங்களுக்குள் போக முன் இதைத் தெரிந்திருப்பது நல்லது. 32 பரிசோதனைகளையும் 2,762 நோயாளர்களையும் சேர்த்து 2013இல் வந்த கொக்ரேன் மீளாய்வு (மருத்துவப் பரிசோதனைகளைத் தொகுத்து நிறுக்கும் சர்வதேச அமைப்பினுடையது), நாரி நோவுக்கு இழுவை தனியாகவோ மற்றச் சிகிச்சைகளோடு சேர்ந்தோ நோவிலும் அன்றாட இயக்கத்திலும் குறிப்பிடத்தக்க மாற்றத்தைத் தரவில்லை, தந்தாலும் மிகச் சிறிது என்று முடித்தது. பிரித்தானியாவின் 2016 வழிகாட்டி இழுவையைக் கொடுக்கவேண்டாம் என்றது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் நாட்பட்ட நாரி நோவுக்கு வெளியிட்ட வழிகாட்டியிலும் இழுவையும் நாரிப் பட்டியும் பரிந்துரைக்கப்படாதவற்றின் வரிசையில்தான் இருக்கின்றன.

அப்படியானால் இருந்து எழும்பியதும் "ஆ, என்ன சுகம்" என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. இழுக்கும்போது இடைத்தட்டின் (டிஸ்க்கின்) அழுத்தம் குறைகிறது, இறுகிய தசை தளர்கிறது, நோவும் குறைகிறது. எழும்பி நின்றதும் உடற்பாரம் திரும்ப ஏறுகிறது. தட்டு "இடத்துக்குப் போய்" அங்கேயே நிற்பதில்லை.

இன்னொரு கண்கட்டும் உண்டு. புதிதாக வந்த நாரி நோ பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே நன்றாகக் குறைந்துவிடும். தாங்கமுடியாத இரண்டாம் கிழமையில் கதிரைக்கு ஓடர் கொடுத்து, நான்காம் கிழமையில் அது வந்து சேர்ந்து, ஆறாம் கிழமையில் சுகமானால் பெயர் கதிரைக்குத்தான் போகும்.

ஸ்கான் படத்தில் "டிஸ்க் பல்ஜ்" என்று எழுதியிருப்பதை வைத்தும் கதிரை விற்கிறார்கள். நோவே இல்லாதவர்களை ஸ்கான் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது 20 வயதினரில் 30 வீதமானோருக்கும் 80 வயதினரில் 84 வீதமானோருக்கும் தட்டுப் பிதுக்கம் இருந்தது. படத்தில் இருப்பதெல்லாம் நோவின் காரணம் அல்ல.

## 1. இழுவைக் கதிரை

இந்தப் பெயரில் மூன்று வேறு வேறு சாமான்கள் விற்பனையாகின்றன. மூன்றையும் ஒன்றாக எண்ணுவதில்தான் பலருக்குக் காசு போகிறது.

முதலாவது, *விலாத் தாங்கி* வகை. நீங்கள் நிமிர்ந்து இருக்க, இரு பக்கத் தாங்கிகள் நெஞ்சுக்கூட்டின் பக்கங்களைப் பிடித்துக்கொள்ளும். பிறகு லீவரையோ கைச்சக்கரத்தையோ இயக்க, இருக்கை கீழே இறங்கும். மேலுடல் தாங்கியில் நிற்க, இடுப்பின் பாரம் நாரியைக் கீழ்நோக்கி இழுக்கும். உண்மையான இழுவை இதில் உண்டு. இரண்டாவது, *சாய்ந்து இழுக்கும்* வகை. இடுப்புக்கும் நெஞ்சுக்கும் பட்டி போட்டு, மோட்டார் முதுகுப் பகுதியை மேலே தள்ளும். இதிலும் இழுவை உண்டு, பட்டி சரியாக இறுகினால் மட்டும். மூன்றாவது, "ஸ்ட்ரெச்" பொத்தான் வைத்த மசாஜ் கதிரை. காற்றுப் பைகள் கெண்டைக்காலைப் பிடிக்க, கால் பகுதி இறங்கி முதுகு பின்னே சாயும். உடம்பு நீட்டி நெளிகிற சுகம் வரும், ஆனால் நாரிக்குப் போய்ச் சேரும் இழுவை சொற்பம். மசாஜ் வேண்டுமென்றால் வாங்குங்கள், முள்ளந்தண்டு இழுவை என்று எண்ணி வாங்கவேண்டாம்.

விலாத் தாங்கி வகையில் கெட்டுப்போவது பெரும்பாலும் தாங்கியின் உயரம். தாங்கி அக்குளுக்குள் ஏறக்கூடாது. அக்குள் குழிக்குக் கீழே மூன்று விரல் இடைவெளி விட்டு விலாவின் பக்கத்தில் அது உட்காரவேண்டும். பாரம் அக்குளில் தொங்கினால் கைக்குப் போகும் நரம்பு நசியும். ஊன்றுகோலை அக்குளில் அழுத்தி நடப்பவர்களுக்கு மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை துவண்டு போவது இதே காரணத்தால்தான். கை விறைத்தால் அது "நரம்பு திறக்கிற" அறிகுறி என்று கடைக்காரர் சொன்னாலும் இறங்கிவிடுங்கள்.

அடுத்தது உயரப் பொருத்தம். பல கதிரைகள் நெட்டையான ஆட்களுக்கு அளவெடுத்தவை. ஐந்தடிக்குக் குறைந்த அம்மா ஒருவர் இருந்தால் தாங்கி அக்குளுக்கு வரும், பாதமும் நிலத்தில் படாது. பாதம் தட்டையாகப் படாவிட்டால் தொடைத் தசை நாரியை முன்னே வளைத்துப் பிடிக்கும், இழுவை நடக்காது. எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: இருக்கை போதிய அளவு இறங்காமல் பாரத்தைத் தானே தாங்கிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை. இருக்கும்போது பிட்டத்தின் கீழே ஒரு கடதாசித் தாளை வைத்து, பாதி வெளியே தெரிய விடுங்கள். இருக்கை இறங்கியபின் வேறொருவர் அதை இழுத்துப் பார்க்கட்டும். முன்பு அசையாத தாள் இப்போது இலேசாக வழுக்கினால் பாரம் தாங்கிக்கு மாறியிருக்கிறது. கிழிந்தால், நீங்கள் விலை கூடிய சாதாரணக் கதிரையில் இருக்கிறீர்கள்.

பிசியோதெரபியில் நாரி இழுவைக்கு உடல்நிறையின் கால்பங்கு முதல் அரைப்பங்கு வரை பாவிப்பது வழக்கம். 70 கிலோ ஆளுக்கு அது ஏறத்தாழ 18 முதல் 35 கிலோ. வீட்டுக் கதிரையில் எத்தனை கிலோ இழுக்கிறது என்று காட்டும் அளவுமானி பெரும்பாலும் இல்லை. அதனால் கூட்டிக்கொண்டு போகும் ஆசையை அடக்கவேண்டும். முதல் நாள் 2 முதல் 3 நிமிடம், சுகமான இழுவை உணர்வு வந்த இடத்தில் நிறுத்தம். முதற் கிழமையில் ஒரு தடவைக்கு 10 நிமிடத்தைத் தாண்டவேண்டாம். விடும்போது ஒரே அடியாக விடாமல் ஒரு நிமிடமாக இருக்கையை மெல்ல மெல்ல ஏற்றுங்கள். திடீரென்று விட்டால் தசை சுண்டிப் பிடித்து, போகும்போது இருந்ததைவிடக் கூடிய நோவோடு எழும்புவீர்கள். எழும்பியபின் அரை மணித்தியாலம் குனிவதும் வாளி தூக்குவதும் கூடாது.

எலும்புத் தேய்வு (எலும்பு நொய்ந்துபோகும் ஒஸ்டியோபொரோசிஸ்) இருப்பது உறுதியானவர், விலா முறிந்தவர், கர்ப்பிணி, முள்ளந்தண்டு சத்திரசிகிச்சை செய்தவர், எலும்பு முன்னே வழுக்கியிருப்பதாகச் சொல்லப்பட்டவர், வயிற்று இரத்தக்குழாய் வீக்கம் உள்ளவர்கள் இதில் ஏறவே கூடாது. ஆஸ்துமாக்காரருக்கு நெஞ்சுப் பட்டி மூச்சை அடைக்கும். ஏறுவதாயின் டாக்டரைக் கேட்டே ஏறவேண்டும்.

மறைந்திருக்கும் செலவு. கதிரை கனமானது. கொழும்பிலிருந்து வரும் லொறிக்கூலி, மாடிக்கு ஏற்ற நான்கு ஆள், இறங்கும் இருக்கைக்குச் சுற்றிவர விடவேண்டிய இடம் எல்லாம் விளம்பர விலைக்கு வெளியே. கடலோர வீட்டில் குரோம் பூசிய தண்டும் போல்ட்டும் முதல் வருடமே துருப்பிடிக்கத் தொடங்கும். துரு உள்ள தண்டில் இருக்கை இடையில் சிக்கி, பிறகு படீரென்று இறங்கும். அதுதான் ஆபத்து. மாதம் ஒருமுறை ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, காயவைத்து, கிறீஸ் போடவேண்டும். தோல் என்று சொல்லி விற்கும் செயற்கை உறை எங்கள் வெக்கையிலும் மாரி ஈரத்திலும் செதில் செதிலாக உரியும், துணி உறைதான் இங்கே நீடிக்கும்.

மோட்டார் கதிரை என்றால் கனடாவிலிருந்து வரும் 120 வோல்ட் இயந்திரத்தை எங்கள் 230 வோல்ட்டில் நேரே சொருகக்கூடாது. மாற்றி வேண்டும், அதற்குத் தனிக் காசு. இன்னொன்று: இழுத்துப் பிடித்திருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் எப்படி விடுவிப்பது? கையால் விடுவிக்கும் லீவர் இல்லாத மோட்டார் கதிரையை வாங்கவே வேண்டாம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாடு இது.

எப்போது இதுவே நல்லது? குனிவு நோ, காலுக்கு இறங்கும் நோ, இழுக்கும்போது நோ மேலேறுகிற ஆள், முழங்கால் பிரச்சினையால் நிலத்தில் இறங்கிப் படுக்க முடியாதவர், வீட்டில் பாவிக்கப்போகும் இருவரும் ஏறத்தாழ ஒரே உயரம். இவ்வளவும் பொருந்தி, வாங்க முன் சோதித்துப் பார்க்கவும் முடிந்தால் யோசிக்கலாம்.

## 2. தலைகீழ்ப் பலகை

கணுக்காலைப் பூட்டி, பலகையோடு பின்னே சரிந்து தலைகீழாகத் தொங்குவது. உராய்வு குறைவு, மேலுடலின் முழுப் பாரமும் இழுப்பதால் இழுவை என்ற கணக்கில் இது கதிரையை வெல்லும். 60 பாகை சரிந்தாலே போதும், நேர்செங்குத்தாகத் தொங்கவேண்டிய தேவை இல்லை.

ஆனால் தலைகீழானதும் கண்ணின் உள்ளழுத்தம் வெகுவாக ஏறும், இரத்த அழுத்தமும் ஏறும். பிரஷர், குளுக்கோமா, விழித்திரைப் பிரச்சினை, இருதய நோய், முன்பு பாரிசவாதம் வந்தவர், நெஞ்செரிவு கடுமையானவர், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இது விலக்கு. நாரி நோவோடு வரும் ஐம்பது வயதுக்காரரில் எத்தனை பேருக்குப் பிரஷர் குளிசை இல்லை என்று எண்ணிப் பாருங்கள். அதுவே இந்தச் சாமானை முக்கால்வாசி வீடுகளிலிருந்து வெளியேற்றிவிடும். தனியாகத் தொங்கித் திரும்பி எழும்ப முடியாமல் போவது அடுத்த தொல்லை. கணுக்காற் பூட்டும் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் இடங்களில் ஒன்று. அந்தப் பூட்டு நழுவினால் தலை நிலத்தில்.

பிரஷர் இல்லாத, முப்பது நாற்பது வயது, உடல் வேலை செய்கிற, பக்கத்தில் ஆள் நிற்கக்கூடிய ஒருவருக்கு மட்டும் பொருந்தும்.

## 3. பிளாஸ்டிக் வளைவும் காற்றுப் பட்டியும்

விலை குறைவு, அலுமாரிக்கு மேல் வைத்துவிடலாம். வளைவுப் பலகை இழுப்பதில்லை, நாரியைப் பின்னே வளைக்கிறது. குனிவு நோக்காரருக்கு, தையல் மெசினில் அல்லது ஓட்டோ ஓட்டி நாள் முழுக்கக் கூனி இருந்தவருக்கு, இது சுகமாக இருக்கும். நடை நோக்காரருக்கோ கால் உளைவைக் கிளப்பிவிடும், அவர்கள் தொடவே வேண்டாம். ஆகக் குறைந்த படியில் வைத்து 2 நிமிடம், பிட்டம் நிலத்தில் பட்டபடி. பிட்டம் தூக்கினால் படி கூடிவிட்டது. எழும்பும்போது நேரே எழும்பாமல் பக்கமாகப் புரண்டு எழும்புங்கள். கட்டில் மெத்தையில் வைத்துப் படுத்தால் வளைவு புதைந்துபோய் ஒன்றுமே நடக்காது.

காற்றடைத்து உயரும் பட்டி நெஞ்சுக்கும் இடுப்புக்கும் இடையில் முட்டுக்கொடுக்கிறது. கொழும்புக்கு இரவு பஸ் ஏறுகிற நாளில் சிலருக்கு உதவும். எங்கள் வெயிலில் அதற்குள் வியர்த்து வேர்க்குரு வரும். ஒரு கிழமையில் அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும்.

## 4. பிசியோதெரபி

அரச ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை. டாக்டர் அனுப்பினால் பிசியோதெரபிப் பிரிவுக்குப் போகலாம், தனியாரிடமும் போகலாம். இங்கே வாங்கவேண்டியது இழுவையை அல்ல, *பரிசோதனையை*. அனுபவமுள்ள ஒருவர் உங்கள் நோ எந்தத் திசைக்கு நல்லது, எந்தத் திசைக்குக் கெட்டது என்று அரை மணித்தியாலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார். கதிரை வாங்குவதா என்ற கேள்விக்குப் பதிலும் அதற்குள்ளே இருக்கிறது. அங்கே கையால் இழுத்தே குறையாத நோ வீட்டில் கதிரை இழுத்தாலும் குறையாது.

போகும்போது கிளினிக் கொப்பியும் பழைய எக்ஸ்றேயும் கொண்டுபோங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: எனக்கு எந்தப் பயிற்சி, எத்தனை தரம், என்ன நடந்தால் நிறுத்துவது. பயிற்சியை அனுமதி கேட்டுக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதி மறந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு நேரம். மூதூர், வெருகல், புல்மோட்டைப் பக்கத்திலிருந்து வருபவருக்கு ஒரு தடவை போய்வருவது ஒரு நாட்சம்பளம், அதோடு நோகிற நாரிக்கு பஸ் குலுக்கலும். இரண்டு மூன்று வருகையில் பயிற்சியைப் பழகிக்கொண்டு, மாதம் ஒருமுறை காட்டும் ஒழுங்கைக் கேட்டு வாங்குங்கள். வெறுமனே சூட்டு மெசினிலும் கரண்ட் மெசினிலும் படுக்கவிட்டு அனுப்புகிற இடம் என்றால், அந்த வருகைகளைக் குறைத்துக்கொள்ளலாம்.

## 5. பாய், சாதாரணக் கதிரை, நடை

1999இல் ஜெர்மனியின் ஊல்ம் நகரில் ஒரு தன்னார்வலரின் நாரித் தட்டுக்குள் அழுத்தமானியை வைத்து அளந்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு), மல்லாந்து படுத்ததும் 0.1. நிமிர்ந்து இருக்கும்போது ஏறத்தாழ நிற்பதைப் போலவே. முதுகைக் கூனி 20 கிலோவைத் தூக்கியபோது 2.3. ஒரே ஆளில் எடுத்த அளவுதான், ஆனாலும் திசை தெளிவு: படுத்தாலே தட்டின் பாரம் ஐந்தில் ஒன்றாகிறது.

அந்த இறக்கத்தை எடுக்கும் முறை இது. சீமெந்து நிலத்தில் பாயை விரியுங்கள். வீட்டுப் பிளாஸ்டிக் கதிரையைச் சுவரோடு அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் டைலில் வழுக்கிப் போகும். மல்லாந்து படுத்து, பிட்டத்தைக் கதிரைக் காலடிக்குக் கிட்டக் கொண்டுவந்து, இரு கெண்டைக்காலையும் இருக்கையில் வையுங்கள். இடுப்பும் முழங்காலும் செங்கோணமாக இருக்கவேண்டும். தலைக்கு மெல்லிய தலையணை. கட்டையான ஆட்களுக்குக் கதிரை உயரம் கூடி இடுப்பு நிலத்தைவிட்டுத் தூக்கும். அப்போது முக்காலியோ, அடுக்கி வைத்த தலையணையோ போதும். 5 முதல் 10 நிமிடம். பக்கமாகப் புரண்டு, கையை ஊன்றி எழும்பவேண்டும். குனிவு நோ, நடை நோ இரண்டுக்கும் ஒத்துவருவது இந்தப் படுக்கைதான், ஆகவே கடுமையான நாளில் முதலில் இதைச் செய்யுங்கள்.

குனிவு நோக்காரர் அதற்குப் பிறகு குப்புறப் படுத்து 2 நிமிடம், முழங்கையில் ஊன்றி 2 நிமிடம், பின் இடுப்பை நிலத்தில் விட்டபடி கைகளால் மேலுடலை 10 தரம் உயர்த்தலாம். நாளில் நான்கைந்து தடவை. நியூசிலாந்துப் பிசியோதெரபிஸ்ட் ரொபின் மெக்கென்சி பரப்பிய முறை இது. நோ காலுக்கு இறங்கினால் நிறுத்தவேண்டும். நடை நோக்காரர் இதைச் செய்யாமல், மல்லாந்து முழங்கால்களை மார்புக்கு அணைப்பதைச் செய்யலாம். காலையில் எழும்பி முதல் ஒரு மணித்தியாலம் யாரும் குனியாமல் இருப்பது நல்லது. இரவில் தட்டு நீர் உறிஞ்சி ஊதியிருக்கும், அந்த நேரத்தில் கோலம் போடக் குனிவதும் இஞ்சினைத் தூக்கிப் போட்டில் பூட்டுவதும் கூடுதலாக உறுத்தும்.

மிச்சம் நடை. அவுஸ்திரேலியாவில் 701 பேரை வைத்துச் செய்து 2024இல் வெளியான பரிசோதனையில், நாரி நோ குறைந்தபின் படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு நோ திரும்பி வர இடைநிலையாக 208 நாள் எடுத்தது, மற்றவர்களுக்கு 112. கிழமைக்கு மூன்று முதல் ஐந்து நாள், 30 நிமிடம் வரை. எந்தக் கதிரைக்கும் இப்படியொரு கணக்கு இல்லை. உப்புவெளிக் கரையில் நடப்பதானால் சரிவான மணலைத் தவிருங்கள். ஒரு கால் பள்ளத்தில், ஒரு கால் மேட்டில் என்றால் இடுப்பு கோணும். றோட்டில் நடப்பதே மேல்.

சூடு இதோடு சேரும். ஒத்தடம், நொச்சியிலை போட்ட வெந்நீர், தைலம், கன்னியாவின் ஏழு கிணற்று வெந்நீர் எல்லாம் தசையைத் தளர்த்தும், நோவைச் சில மணித்தியாலம் குறைக்கும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவமே படிப்பிக்கிறார்கள், ஆகவே முறையாகப் படித்தவரைத் தேடுவது இங்கே கடினமில்லை. முதுகில் ஏறி மிதித்துப் பிடிப்பு எடுப்பவரிடம் மட்டும் போகவேண்டாம், கால் விறைக்கிறவர் கட்டாயம் வேண்டாம். சலரோகம் உள்ளவர்கள் வெந்நீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றித்தான் வைக்கவேண்டும், உணர்ச்சி குறைந்த தோல் வெந்தாலும் தெரியாது.

இந்த வழியின் மறைசெலவு ஒழுங்கு. நோ குறைந்த பத்தாம் நாளே பாய் சுருண்டுவிடும்.

## ஒரே பார்வையில்

| வழி | உண்மையில் இழுக்குமா | யாருக்கு நல்லது | யாருக்கு ஆகாது | பிறகு வரும் செலவு |
|---|---|---|---|---|
| இழுவைக் கதிரை | ஆம், அளவு பொருந்தினால் | காலுக்கு இறங்கும் குனிவு நோ, நிலத்தில் படுக்க முடியாதவர் | எலும்புத் தேய்வு, கர்ப்பம், சத்திரசிகிச்சை செய்தவர் | ஏற்றுகூலி, துரு, உறை, மோட்டார் |
| தலைகீழ்ப் பலகை | ஆம், கூடுதலாக | பிரஷர் இல்லாத இளவயது | பிரஷர், கண், இருதயம் | துணைக்கு ஆள், பூட்டுத் தேய்வு |
| வளைவு, காற்றுப் பட்டி | வளைவு இல்லை, பட்டி சிறிது | நாள் முழுக்கக் கூனி இருப்பவர் | நடை நோ (வளைவு) | சொற்பம் |
| பிசியோதெரபி | தேவையானால் | நோ வகை தெரியாத எல்லோரும் | பொதுவாக யாருமில்லை | நாட்சம்பளம், பஸ் |
| பாய், பயிற்சி, நடை | இழுக்காது, பாரம் இறக்கும் | ஏறத்தாழ எல்லோரும் | நிலத்தில் இறங்க முடியாதவர் கட்டிலில் செய்யலாம் | ஒழுங்கு |

## எந்த ஒழுங்கில் போவது

மூன்று கிழமைக்குப் பாயும் நடையும். நோவை நாளாந்தம் பத்துக்கு எத்தனை என்று கலண்டரில் எழுதுங்கள், கால் நோ எதுவரை இறங்கியது என்பதையும் சேர்த்து. குறைந்துகொண்டு போனால் காசு மிச்சம். குறையாவிட்டால் பிசியோ. அங்கே இழுத்துப் பார்த்து, கால் நோ மேலேறுகிறது என்று தெரிந்தால் மட்டும் கதிரை விசாரியுங்கள். எட்டு மணித்தியாலம் துறைமுகத்திலோ மா ஆலையிலோ பாரம் தூக்கிவிட்டு வருகிறவர், வீட்டில் பத்து நிமிடம் இழுப்பதைவிட வேலையிடத்தில் மூட்டையை இடுப்புயர மேசையிலிருந்து எடுக்க வழி செய்வது பலமடங்கு பயன்.

கதிரைதான் என்று முடிவானால், காசு கொடுக்க முன்: பாவிக்கப்போகும் ஆளே போய் 10 நிமிடம் இருந்து, அதில் 2 முதல் 3 நிமிடம் மட்டும் இழுத்துப் பார்க்கவேண்டும், பிள்ளை இருந்து பார்த்துச் சொல்வது கணக்கில் வராது. தாள் சோதனை, மூன்று விரல் இடைவெளி, பாதம் நிலத்தில், கையால் விடுவிக்கும் லீவர், தாங்கும் உச்ச நிறை உங்கள் நிறையைவிட 20 கிலோவாவது கூடுதல். அடுத்த நாள் காலை நோ எப்படி என்று பார்த்தபிறகே முற்பணம். "அக்கா, இண்டைக்கு மட்டும்தான் இந்த விலை" என்றால் விட்டுவிட்டு வாருங்கள். நாளைக்கும் அதே விலைதான். திருத்துபவர் திருகோணமலைக்கு வருவாரா, கதிரையைக் கொழும்புக்கு அனுப்பவேண்டுமா என்பதை உத்தரவாதக் கடதாசியில் எழுதி வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்தபின்னும் கலண்டர் தொடரட்டும். ஆறு கிழமையில் இலக்கம் இரண்டு புள்ளியாவது இறங்காவிட்டால் அந்தக் கதிரை உங்களுக்கல்ல. அதை விற்பதாயின் ஐப்பசி மாரி தொடங்க முதல் விற்றுவிடுங்கள். உரியத் தொடங்கிய உறையைப் பார்த்தால் யாரும் பாதி விலைக்கும் கேட்கமாட்டார்கள்.